சாம்பியன் வராத கிளப்

எங்கள் பக்கத்தில் ஒருவன் நன்றாகச் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டான் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, "எங்க வீடு வாங்கிக்கிறான்?" என்பதுதான். பதில் வேளச்சேரி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம் என்று தெற்கே போய்க்கொண்டே இருக்கும். தண்டையார்பேட்டையிலேயே மாடி மேல் மாடி எழுப்பினாலும் அதற்கு அவ்வளவு மதிப்பு கிடையாது. வடசென்னையில் பிறந்தவனின் முன்னேற்றத்தைக் கிலோமீட்டரில் அளக்கிறார்கள். (அதே தெற்கே, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும், குடிசை இடிக்கப்பட்டு லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் முன்னேறியவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.)

நானும் போனவன்தான். மணலிப் பக்கத்துக் காற்று என் மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இரவெல்லாம் இழுப்பு. அலுவலகமும் ஓஎம்ஆரில். போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என்னை உறுத்திக்கொண்டிருப்பது, போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் காதில் விழுந்த பேச்சு. எங்கள் தூரத்துச் சித்தப்பா ஒருவர், மகள் வயிற்றுப் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்னைக் காட்டினார். "இந்த மாமா மாரி வரணும்டா. அந்த கேரம் மாஸ்டர் மாரி இங்கியே கெடந்துக்கினு இருக்கக் கூடாது." எனக்குக் கேரம் சொல்லிக்கொடுத்த அந்த மாஸ்டர் எதிர் வரிசையில் மூன்று இலை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா கெட்டவர் இல்லை, பேரன் நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில் சொன்னார். ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. என் வாழ்க்கை ஒரு பையனுக்கு எடுத்துக்காட்டாகவும் மாஸ்டரின் வாழ்க்கை எச்சரிக்கையாகவும் சொல்லப்பட்டதை ஏற்க முடியவில்லை. அது ஏன் தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

மூன்று போர்டு, ஒரு அறை

வடசென்னையில் கேரம் ஏன் இப்படி வேர்பிடித்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. மைதானம் வேண்டாம். மழை பெய்தாலும் ஆடலாம், ராத்திரியும் ஆடலாம். 74 செ.மீ. சதுரப் பலகை, கறுப்பில் 9, வெள்ளையில் 9, ஒரு ரெட், ஒரு ஸ்ட்ரைக்கர், கொஞ்சம் போரிக் பவுடர். ஒரு தெருவே காசு போட்டு ஒரு போர்டு வாங்கினால் பல வருஷம் ஓடும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினாலும், காசிமேட்டில் வலை பின்னினாலும், பையன் ஸ்ட்ரைக்கரைப் பிடித்துவிட்டால் மற்றவனுக்கும் அவனுக்கும் வித்தியாசம் கிடையாது. இந்த ஊரில் கேரம் ஆடுகிறவன் எவனும் மரிய இருதயம் பெயரைக் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டான். 1991-இலும் 1995-இலும் உலக சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது. அப்புறம் வியாசர்பாடியிலிருந்து இளவழகி, 2008-இல் உலக சாம்பியன். இப்போது புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் 3 தங்கம்.

எங்கள் மாஸ்டரின் கிளப்பிலிருந்து அப்படி யாரும் வரவில்லை. மாநிலப் போட்டியில் காலிறுதி வரை போனதுதான் உச்சம்.

அவர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து பெரம்பூரிலிருந்து சைக்கிளில் வந்து, சாயங்காலம் கிளப்பைத் திறப்பார். கிளப் என்றால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, உள்ளே மூன்று போர்டு. ஒவ்வொரு போர்டுக்கும் மேலே தகரக் குடை போட்ட பல்பு, தலைக்கு இடிக்கிற உயரத்தில் தொங்கும். புதிதாகச் சேர்ந்தவனை முதலில் ஆடவே விடமாட்டார். வெறும் ஸ்ட்ரைக்கரை மட்டும் எதிர்க் கட்டையில் அடித்து, அது திரும்பி அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்க்கச் சொல்வார். காயின் இல்லாத போர்டில் மணிக்கணக்கில் அடித்துக்கொண்டிருப்போம். தோள் ஆடக் கூடாது, முழங்கை எழும்பக் கூடாது, விரல் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ, அதாவது ரெட்டை உறுதியாக்க அடுத்த அடியில் போட வேண்டிய நம் காயின், போடத் தவறினால் திட்டு விழும். கை தவறியதற்காகத் திட்ட மாட்டார். ஃபாலோவுக்குக் காயின் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ரெட்டுக்கு ஆசைப்பட்டதற்காகத்தான் அந்தத் திட்டு. காசு வைத்து ஆடுகிற போர்டுகள் அந்த நாளில் தெருவுக்குத் தெரு இருந்தன. அங்கே போய் ஆடியவன் என்று தெரிந்தால் அத்தோடு சரி, கிளப் வாசலை மிதிக்க முடியாது.

1996-இல் மில் மூடப்பட்டது. மாஸ்டருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் பக்கத்தில் பல வீடுகள் அந்த வருஷத்தோடு சரிந்தன. சிலர் குடியில் விழுந்தார்கள், சிலர் திருப்பூருக்குப் போனார்கள். மாஸ்டர் ஒரு கிடங்கில் ராத்திரிக் காவலுக்குச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் கிளப் நின்றதில்லை, ஆறு மணிக்குத் திறந்து ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டு டிபன் கேரியரோடு டியூட்டிக்குப் போவார். வாடகையில் பாதி அவர் கையிலிருந்து போனது என்பது அவர் மனைவி சொல்லி, பல வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு இதில் கோபம் இருந்தது, இன்னமும் இருக்கிறது. நியாயமான கோபம். இதை எழுதுகிற யாரும் அந்தக் கோபத்தை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஐந்து ரூபாய் டாக்டர்கள்

அர்த்தமுள்ள வாழ்க்கை என்று எங்கள் ஊரில் பேச்சு எடுத்தால் உடனே வருகிற பெயர்கள் இரண்டு. பழைய வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரன், வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம். இரண்டு பேருமே 2 ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, 5 ரூபாய் டாக்டர் என்றே பெயர் எடுத்தவர்கள். ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் இறந்தபோது தெருவெல்லாம் அவர் படம் போட்ட போஸ்டர். திருவேங்கடம் 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில் போனார். "பணம் பெருசில்லைன்னு காட்டிட்டுப் போனவங்க" என்று இவர்களைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கும் அவர்கள்மேல் அந்த மரியாதை உண்டு.

ஆனால் இவர்களை வெற்றியை உதறியவர்களாகக் காட்டும்போது ஒரு விஷயம் மறைந்துபோகிறது. அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய காரியம்! திருவேங்கடம் ஸ்டான்லியில் படித்தவர். அந்தப் படிப்பில் தேறாமல் இருந்திருந்தால் வியாசர்பாடிக்கு அவரால் கொடுக்க முடிந்தது என்ன? நல்ல மனசு மட்டும் காய்ச்சலைக் குறைக்காது. அவர்கள் ஒரு துறையில் ஜெயித்தவர்கள். ஜெயித்த கையை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதில்தான் மற்ற டாக்டர்களிடமிருந்து வேறுபட்டார்கள். அதனால் பணமா அர்த்தமா என்று தராசின் இரண்டு தட்டாக வைத்துப் பேசுவது எனக்கு எப்போதும் சரியாகப் பட்டதில்லை. நான் தெற்கே போய்ச் சம்பாதித்த காசில்தான் அம்மாவின் இதய ஆபரேஷன் நடந்தது. அந்தக் காசை வெறும் காசு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்படிப் பார்த்தால் மாஸ்டரின் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. டாக்டர்களுக்குக் கைவசம் ஜெயித்த ஒன்று இருந்தது. மாஸ்டர் தன் துறையிலேயே ஜெயிக்காதவர். அவர் ஆடிய காலத்தில் மாவட்டத்தைத் தாண்டியதில்லை, பயிற்சி கொடுத்தும் சாம்பியன் வரவில்லை. சித்தப்பாவின் கண்ணுக்கு அது மட்டும் தெரிந்தது.

"நல்ல பசங்களா ஆக்க ஸ்கூலு கீது"

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மாஸ்டரைப் பார்க்கப் போனேன். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு கிண்டியில் ஏறினால் தண்டையார்பேட்டையில் போய் இறங்கிவிடலாம். கிளப்பில் பையன்கள் இன்னும் வரவில்லை. மாஸ்டர் தரையில் உட்கார்ந்து ஒரு போர்டின் மூலைப் பையைத் தைத்துக்கொண்டிருந்தார். பந்திப் பேச்சு அவர் காதில் விழுந்ததா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. வேறு மாதிரி கேட்டேன்.

"மாஸ்டர், இவ்ளோ வருஷமா நடத்துறீங்க. திரும்பிப் பாத்தா மனசு நெறைவா இருக்கா?"

நெறைவா இருக்குடா என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி போயிருக்கும், அனேகமாக எழுதியே இருக்கமாட்டேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"எப்பிட்றா நெறையும்? ஒருத்தன்கூட ஜெயிக்கலயே. பக்கத்துத் தெருவுல ஒலக சாம்பியன் வருது. நம்ம கிளப்பு இன்னும் கால் ஃபைனலத் தாண்டல."

நான் பேர்களை அடுக்கினேன். ரயில்வேயில் இருக்கிறவன், ஸ்டான்லி லேபில் வேலை பார்க்கிறவன், ஷார்ஜாவிலிருந்து இன்னமும் பொங்கலுக்குப் போன் பண்ணுகிறவன். கஞ்சா கேஸில் உள்ளே போய் வந்தவனை வீட்டிலேயே சேர்க்காதபோது, கிளப் சாவியை அவன் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னாரே, அவன் இன்றைக்குக் காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்து மூன்று பேருக்கு வேலை கொடுக்கிறான். இதெல்லாம் யாரால்?

"அத்தெல்லாம் நீ சொல்ற. நான் அதுக்காவ கிளப்பு தொறக்கல. நல்ல பசங்களா ஆக்க ஸ்கூலு கீது, கோயிலு கீது. நான் சாம்பியன் எடுக்கத் தொறந்தேன். எனக்குக் கப்பு வேணும்டா."

கோபமாகத்தான் சொன்னார். நான் கொடுக்கப் பார்த்ததை அவர் வாங்க மறுத்தார். ஜெயித்தவர்கள் ஜெயிக்காதவர்களைப் பார்த்து, "ஒங்க வாழ்க்கையிலதான் சார் அர்த்தம் இருக்கு" என்று சொல்வது இப்போதெல்லாம் ஒரு வழக்கமாகிவிட்டது. பெரிய சம்பளக்காரர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கிறேன். அதைச் சொல்கிறவருக்கு மனசு லேசாகிவிடுகிறது. கேட்கிறவருக்கு வாடகையும் குறைவதில்லை, கோப்பையும் வருவதில்லை. ஓட்டப் பந்தயத்தில் தோற்ற குழந்தைக்குக் கொடுக்கிற பென்சில் டப்பா மாதிரி அதை நீட்டினால், தன்மானம் உள்ள மனிதன் மாஸ்டர் செய்ததைத்தான் செய்வான்.

எங்கள் வட்டாரத்துக்கு இது பழைய பாடம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இதே பெரம்பூர் மில் தொழிலாளர்களால்தான். திரு.வி.க.வும் வாடியாவும் செல்வபதி செட்டியாரும் சேர்ந்து கட்டியது. மூன்று வருஷம் கழித்து, 1921-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டு தோற்றது. தொழிலாளர்கள் சாதியாகப் பிளந்தார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்துக்கு அர்த்தம் உண்டு என்று நூறு வருஷம் கழித்து மேடையில் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் குடிசை எரிந்தவர்களிடம் அன்றைக்கு அதைச் சொல்லியிருக்க முடியாது. தோல்விக்கு விலை உண்டு. அர்த்தத்தைக் கொண்டுவந்து அந்த விலையைக் கழித்துக்கொள்ள முடியாது.

நிறைவு இல்லாத அர்த்தம்

அப்படியானால் மாஸ்டரின் வாழ்க்கையில் அர்த்தம் இல்லையா என்ற கேள்வியோடு திரும்பி வந்தேன். அவரே திருப்தி இல்லை என்கிறாரே. இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. வாழ்க்கைக்கு அர்த்தம் இருந்தால் மனசுக்குள் ஓர் அமைதி இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்மில் பலரும் அப்படித்தான் நம்புகிறோம். ராய் பாமெய்ஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய 400 பேரிடம் கேட்டதில், மகிழ்ச்சியான வாழ்க்கையும் அர்த்தமுள்ள வாழ்க்கையும் பெருமளவு சேர்ந்தே போனாலும் சில இடங்களில் எதிரெதிராகப் பிரிந்தன. தேவையானதை வாங்கக் கையில் காசு இருப்பது மகிழ்ச்சியோடு சேர்ந்து வந்தது, அர்த்தத்தோடு அதற்குப் பெரிய தொடர்பு இல்லை. கவலையும் மன அழுத்தமும் கூடுதலாக இருந்தவர்களிடம் மகிழ்ச்சி குறைந்திருந்தது, ஆனால் அர்த்தம் கூடியிருந்தது. ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு மனித வாழ்க்கையையே தீர்மானித்துவிட முடியாது. கேட்கப்பட்டவர்கள் அமெரிக்கர்கள், கொருக்குப்பேட்டைக்காரர்கள் இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி விஷயத்தைப் படித்தபோது எனக்கு மாஸ்டரின் முகம்தான் ஞாபகம் வந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர், பதினான்கு வயதுப் பிள்ளையின் முழங்கை எழும்புகிறதே என்று தூங்காமல் கவலைப்படுகிறார். அது அமைதி இல்லை. ஆனால் அந்தக் கவலையைப் பிடுங்கிவிட்டால் அவரிடம் மிஞ்சுவது ராத்திரிக் காவல் வேலை மட்டும்தான்.

இன்னொன்றையும் யோசித்தேன். மாஸ்டர் "பிள்ளைகளை நல்வழிப்படுத்துகிறேன்" என்று போர்டு மாட்டியிருந்தால் நாங்கள் போயிருப்போமா? ஒருத்தன்கூடப் போயிருக்க மாட்டான். நல்வழிப்படுத்த வந்த எத்தனையோ பேரை எங்கள் தெரு பார்த்திருக்கிறது, ஆறு மாதத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாஸ்டர் எங்களை ஜெயிக்கவைக்கப் பார்த்தார். எங்களை ஜெயிக்கக்கூடியவர்களாக அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களிடம் எதிர்பார்த்ததெல்லாம் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதுதான். கிளப்பில், ரெட்டுக்கு முன்னால் ஃபாலோவைப் பார்க்கவில்லை என்று ஒரு பெரிய மனிதர் உண்மையாகவே கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் மரியாதை இருந்தது. ரயில்வேக்காரனும் ஐஸ் வியாபாரியும் நானும் அதில்தான் வளர்ந்தோம். மாஸ்டர் குறிவைத்தது கோப்பையை. வழியில் எங்களுக்குக் கிடைத்ததை அவர் கணக்கிலேயே எழுதவில்லை. குறியை அவர் விட்டிருந்தால் எங்களுக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது.

என் வேலையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான் எழுதுகிற மென்பொருள் எங்கேயோ ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கணக்குகளைச் சரிபார்க்கிறது. ஒழுங்காகச் செய்கிறேன், அதற்கு நல்ல சம்பளமும் வருகிறது, பதவி உயர்வும் வந்தது. பதவி உயர்வு வந்த அன்று சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நான் ஆசைப்பட்டதெல்லாம் என் பெயருக்குப் பக்கத்தில் வருகிறவை. மாஸ்டர் ஆசைப்பட்ட கோப்பையில் அவர் பெயரே இருக்காது, ஆடிய பிள்ளையின் பெயர்தான் இருக்கும். இரண்டும் வெற்றிக்கான ஆசைதான், எனக்கு இருப்பதைவிட அவருக்கு வெறி அதிகம். அவருடைய வெறியில் மற்றவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. என்னுடையதில் இதுவரை இல்லை. சித்தப்பா அன்றைக்குப் பேரனிடம் சொன்னதில் எனக்கு ஏற்க முடியாமல் போனது இதுதான் என்று இப்போது தெரிகிறது. மாஸ்டர் கிடக்கவில்லை. நாற்பது வருஷமாக ஒரே திசையில் நடக்கிறார், போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷத்துப் பெண்

அன்றைக்குக் கிளம்பும்போது வாடகைக்கு என்று பர்ஸை எடுத்தேன். "காசு ஷார்ஜாக்காரன் அனுப்புறான். நீ சனிக்கெழமை வந்து ஆடு. இவளுக்கு எதிர்ல ஒக்கார ஆள் இல்ல" என்றார். கொருக்குப்பேட்டைப் பெண், ஒன்பதாவது படிக்கிறாள், அம்மா ஏற்றுமதிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். கிளப்பில் இதுவரை வந்த கைகளிலேயே இதுதான் நல்ல கை என்கிறார் மாஸ்டர். அதை அவள் எதிரில் சொல்லிவிடாதே என்றும் எச்சரித்திருக்கிறார்.

இப்போது சனிக்கிழமைகளில் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் உட்கார்ந்தால் அந்தப் பெண் சில ரவுண்டுக்குள்ளேயே ஆட்டத்தை முடித்துவிடுகிறாள். பேக் ஷாட் அவளுக்கு இன்னும் பிசகுகிறது. தன் பக்கத்துக் கட்டையை ஒட்டிக் கிடக்கிற காயினைக் கண்டால் அவசரப்படுகிறாள், மாஸ்டர் அங்கிருந்தே கத்துகிறார். மாநிலப் போட்டிக்கு அவளை வெளியூர் அனுப்ப அவள் அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. மாஸ்டரின் மனைவி போய்ப் பேசி, தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். "இந்த ஆளு ஆசை இதோட தீரட்டும்" என்றாராம்.

மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. என் மகள் கேட்டாள், தோற்றுவிட்டால் மாஸ்டர் தாத்தா அழுவாரா என்று. அழமாட்டார், திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கிளப்பைத் திறந்து அந்தப் பேக் ஷாட்டிலிருந்து ஆரம்பிப்பார் என்றேன். ஆனால் எனக்கு அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும். கால் இறுதியைத் தாண்டி, அரை இறுதியைத் தாண்டி, கோப்பையோடு அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வர வேண்டும்.